வாளி பிடித்த கை

பாய்ஸி, ஐடஹோ
பிப்ரவரி 20, 2012

அக்கா லொரெய்னுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஒரு மனிதன் பொறுமையாக இருந்தான் என்று சொல்லிக்கொள்ள முப்பத்து மூன்று வருடம் போதுமான காலம்.

முறைப்படி கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? குழந்தை இனெஸ் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம். என் முதுகு மட்டும் குளிர்காலம் முடியும்வரை எனக்கு ஒத்துழைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறது. லெஞ்சோவின் இறுதிச் சடங்குக்கு நான் வராததற்குப் பனி காரணம் என்று எழுதியிருந்தேன். பனி இருந்தது உண்மை.

'வறண்ட குளம்' ஸ்கேட்போர்டிங் பத்திரிகையின் மார்ச் இதழைப் பார்த்தேன். அந்த இதழுக்கு நான் சந்தா கட்டுவதில்லை. கடையில் வாங்குகிறேன், அது வேறு. உன் கணவன் லெஞ்சோவுக்கு எட்டுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு பக்கத்தை அடைத்துக்கொண்டு அந்தப் படம். கீழே இப்படி: "லொரென்சோ வில்லசெனோர், எல் கஹோன், 1979. சாவுப் பெட்டியை முதலில் தாண்டியவர்."

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதையேதான் இதழாசிரியருக்கும் எழுதப் போகிறேன். மூடிக் கிடந்த விடுதி. பின்புறம் தண்ணீர் வற்றிய நீச்சல் குளம். ஆழமான பக்கத்துச் சுவரில், விளிம்புக் கல்லுக்குக் கீழே, தண்ணீரை உறிஞ்சுவதற்கு விட்ட சதுரத் துவாரம். ஸ்கேட்போர்டின் சக்கரம் அதில் மாட்டினால் பல் போகும், அதனால் அதற்கு அந்தப் பெயர். கல்லை உரசியபடி அந்த வாயைத் தாண்டி, பின்பக்கமாகவே சுவரில் இறங்குவதை அதுவரை ஒருவரும் செய்ததில்லை. செய்தவன் நான்.

எனக்கும் லெஞ்சோவுக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை ஹெல்மெட். அதை அவன் அம்மா வாங்கிக் கொடுத்ததால் முன்பக்கம் வெள்ளை டேப்பில் அவன் பெயர். படம் எடுத்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முழங்கையே அதை மறைத்திருந்தது. ஹெல்மெட்டைப் படித்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். லெஞ்சோ அப்போது குளத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தான். படத்தின் இடது மூலையில் வாளி பிடித்த ஒரு கை தெரியும். அதுதான் அவன். அந்தப் படத்தில் அவன் அவ்வளவுதான்.

அந்தப் படத்தால் அவனுக்கு அவன் பெயர் போட்ட ஸ்கேட்போர்டுப் பலகையும், ஜப்பானும், பிரேசிலும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது இயற்கணிதம்.

உன் கராஜில் அந்த ஹெல்மெட் இருக்கும். எனக்கு அனுப்பு. சான்றாகத் தேவைப்படுகிறது.

துக்க வீட்டுக்கு இப்படிக் கடிதம் எழுதக் கூடாது என்று தெரியும். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்னன்


எல் கஹோன்
மார்ச் 6

அன்புத் தம்பி வெர்னனுக்கு,

முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் குறை சொல்கிறது. இனெஸ் சாப்பிடுகிறாள். அவளுக்கு இருபத்து மூன்று வயதாகிறது, அவள் சாப்பிட்டாளா என்று நீ கேட்டதைச் சொன்னேன், சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்முறை. அதற்கு நன்றி. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். இங்கே பலகை ஓட்டுகிறவர்களில் ஒருவர் போய்விட்டால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். சாம்பலைக் கான்கிரீட்டில் கலந்து, விளிம்புக் கல்லாக வார்த்து, குளத்தில் பதித்துவிடுவார்கள். அப்புறம் எல்லோரும் அவர் மேலேயே ஓட்டுவார்கள். லெஞ்சோவின் சாம்பலில் பாதியை அவன் அம்மா கலெக்ஸிக்கோவுக்கு எடுத்துப் போய்விட்டார். மீதிப் பாதி நம் பழைய குளத்துக்கு, சாவுப் பெட்டிக்கு மேலே.

ஜோஜோ மக்லாயா என்று ஒருவன், லெஞ்சோவோடு இருபத்தைந்து வருடம் ஓட்டியவன், டைல்ஸ் ஒட்டுகிற வேலை. கான்கிரீட் தனக்கு அத்துப்படி என்று சத்தியம் செய்தான். அச்சைக் கழற்றினால் கல் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. லெஞ்சோவை ஒரு பக்கெட்டில் போட்டு என் சமையலறையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சனிக்கிழமைகளில் அப்பாவோடு கான்கிரீட் போடப் போனது நீதான், நான் இல்லை. என்ன தப்பு செய்தார்கள் என்று சொல்.

அங்கே பனி நின்றதா?

உன் அக்கா,
லொரெய்ன்


பாய்ஸி
மார்ச் 12

அக்காவுக்கு,

பனி நிற்கவில்லை. ஒத்தடம் கொடுத்தேன், பலனில்லை. நீயும் இனெஸும் நலமாக இருப்பதில் நிம்மதி.

நான் ஹெல்மெட்டைக் கேட்டேன். நீ பிஸ்கட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அந்த டைல்ஸ்காரனிடம் சொல்: பாதி லெஞ்சோவையும் ஒரே கல்லில் கொட்டியிருக்கிறான், அதுதான் தப்பு. சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, சரளை மூன்று. தண்ணீரைக் குறை. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒழுகக் கூடாது. சாம்பல் இரண்டு கைப்பிடி, அதற்கு மேல் ஒரு சிட்டிகை கூடாது. போன இடமெல்லாம் அளவுக்கு மேல் இடம் பிடிப்பது அவன் வழக்கம், கல்லிலும் அதையே செய்திருக்கிறான். பக்கெட்டில் இருப்பதை எறிந்துவிடாதீர்கள். சுத்தியலால் நொறுக்கிச் சரளையோடு சேருங்கள், வீணாகாது. அச்சில் ஊற்றியதும் குச்சியால் குத்திக் காற்றை எடுக்க வேண்டும். ஏழு நாள் ஈரச் சாக்கு. இருபத்தெட்டு நாள் ஒருவரும் தொடக் கூடாது. முன்விளிம்பின் வளைவை வரைந்து இணைத்திருக்கிறேன். அந்தக் குளத்தின் அளவுகள் எனக்கு மறக்கவில்லை.

இது அவனுக்காக அல்ல. மோசமான கான்கிரீட்டை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதழாசிரியருக்கு எழுதியதன் நகலையும் இணைத்திருக்கிறேன். நான்கு பக்கம். படித்துவிட்டுச் சொல். ஹெல்மெட்டை அனுப்பு.

வெர்னன்


எல் கஹோன்
ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டிருப்பாய், சரி, இப்போது நிறுத்து. முதுகு எப்படி?

நீ சொன்னபடி செய்தார்கள். இருபத்தெட்டு நாள் யாரும் தொடக் கூடாது என்ற இடத்தில் நீ இரண்டு கோடு போட்டிருந்தாய் அல்லவா, ஜோஜோ அந்தத் தாளைக் கிழித்துக் கல்லின் மேலேயே ஒட்டிவைத்திருக்கிறான். தினமும் வந்து சாக்கை நனைத்துவிட்டுப் போகிறான். இதுவரை கல் உதிரவில்லை. தட்டினால் மணி மாதிரி கேட்கிறது. யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டான். ஐடஹோவில் இருக்கும் என் தம்பி, கணக்கு வாத்தியார் என்றேன். வாத்தியார் கையெழுத்துத்தான் என்று ஒப்புக்கொண்டான்.

இதழாசிரியருக்கு எழுதியதைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். மூன்றாவது பக்கத்தில் 'திருட்டு' என்ற சொல் ஐந்து முறை வருகிறது, இரண்டு போதும். அனுப்பாதே என்று நான் சொல்ல மாட்டேன். சொல்வது நடந்ததுதானே.

ஹெல்மெட் கராஜில் இல்லை. அது பயன்பாட்டில் இருக்கிறது.

மே பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலை கல்லைப் பதிக்கிறோம். முதல் ஓட்டம் இனெஸ். நீ வா, வெர்ன். கடிதத்தை அப்புறம் அனுப்பிக்கொள்.

லொரெய்ன்


பாய்ஸி
ஏப்ரல் 16

அக்காவுக்கு,

பயன்பாட்டில் இருக்கிறது என்றால் என்ன பொருள்? முப்பத்து மூன்று வருடப் பழைய ஹெல்மெட்டை யார் பயன்படுத்துகிறார்கள்?

முதுகு அப்படியே. உன் முழங்காலைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

நான் வரமாட்டேன். காரணங்களை ஒருமுறை எழுத்தில் வைத்துவிடுகிறேன். 1986இல் உங்கள் கல்யாணக் கேக்கின் மேல் அந்தப் படத்தை வரைந்திருந்தார்கள். என்னையே வெட்டி எனக்கு ஒரு துண்டு கொடுத்தீர்கள். என் தட்டில் வந்தது என் இடது கால். நான் சாப்பிட்டேன். சாக்லேட். எல்லோரும் கைதட்டினீர்கள். அன்று நான் மணமக்களை வாழ்த்திப் பேசியது மூன்றே வரி என்று நீ வருத்தப்பட்டாய். காலைத் தின்றுவிட்டு வேறென்ன பேசுவது?

1991இல் அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். "வெர்ன், ஒரு நிமிஷம் கேளுடா மச்சான்" என்றான். பன்னிரண்டு வருடம் வாயைத் திறக்காதவனுக்கு எதற்கு ஒரு நிமிஷம்? வைத்துவிட்டேன். எதுவாக இருந்தாலும் எழுது என்று உன்னிடம் சொன்னேன். அவன் எழுதவில்லை.

ஜூலை இதழுக்குக் கடைசித் தேதி ஜூன் இருபது. அதற்குள் அனுப்பிவிடுவேன். 'திருட்டு' மூன்றாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

இனெஸுக்கு என் அன்பு. முழங்கால் உறை போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்.

வெர்னன்


எல் கஹோன்
ஏப்ரல் 29

அன்புள்ள வெர்னன் மாமாவுக்கு,

நலமா? முதுகு தேவலையா? உங்கள் முதுகைப் பற்றி அம்மா எனக்கு நிறையச் சொல்கிறாள், உங்களைப் பற்றித்தான் சொல்வதில்லை. உங்கள் கடிதங்கள் கரண்டி போடும் இழுப்பறையில் இருந்தன. படித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

கேக் பக்கத்தை ஜோஜோ மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டலாம் என்று தோன்றியது. படிக்கவில்லை. உங்கள் அனுமதி வேண்டும்.

அம்மா உங்களுக்கு எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். அந்தப் பச்சை ஹெல்மெட் குளத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. சாவுப் பெட்டியைத் தாண்டப் போகிறவர் அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அது எங்கள் குளத்துச் சட்டம். போட்டுக்கொண்டவரின் பெயர், ஓட்டம் முடிகிறவரை, வெர்னன். ஆணோ பெண்ணோ வெர்னன்தான். நான் நாற்பது முறையாவது வெர்னன் ஆகியிருக்கிறேன், மாமா. யாராவது குளத்தைச் சுத்தமாகப் பெருக்கிவைத்துவிட்டுச் சொல்லாமல் போனால், "வெர்னன் வந்துட்டுப் போயிருக்காரு" என்பார்கள். சட்டம் போட்டது அப்பா.

முதல் இரண்டு வருடம் அப்பா யாரிடமும் சொல்லவில்லை. இதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார், தரையைப் பார்த்துக்கொண்டே. பதினேழு வயது, பலகைக் கம்பெனி வீட்டுக்கே வந்துவிட்டது, வாய் வரவில்லை என்றார். அதற்குப் பிறகு முப்பது வருடம் கேட்ட எல்லோரிடமும் ஒன்றையேதான் சொன்னார்: "அது நான் இல்லப்பா. அது என் மச்சான் வெர்னன். நான் கீழ வாளி புடிச்சுக்கிட்டு நின்னேன்." ஒருத்தர்கூட நம்பவில்லை. எவ்வளவு அடக்கம் பார் என்று கொண்டாடினார்கள். அவர் கோபப்பட்டால் இன்னும் கொண்டாடினார்கள்.

ஒருமுறை நம்பவைப்பதற்காக அப்பா தன் கல்யாணத்தில் எடுத்த உங்கள் ஃபோட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினார். நீங்கள் டை கட்டி, கண்ணாடி போட்டு, கையில் தட்டோடு நிற்பது. ஜோஜோ மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவரா? கொஸ்டின் பேப்பருக்குக் கை கால் மொளச்ச மாதிரி இருக்காரு. இவரு தாண்டினாராம், நீ வாளி புடிச்சியாம். போடா டேய்" என்றார். அதோடு முடிந்தது.

1984, 1993, 2006 ஆகிய மூன்று பேட்டிகளையும் வெட்டி அனுப்பியிருக்கிறேன். நான் பென்சிலால் கோடு போட்ட இடங்களைப் பாருங்கள். மூன்றுமே நீங்கள் கடையில் வாங்குகிற அதே இதழ்தான். இதெல்லாம் எப்படி உங்கள் கண்ணில் படவில்லை?

பத்தொன்பதாம் தேதி நான் பயத்தில் செத்துக்கொண்டிருப்பேன். வந்தால் நன்றாக இருக்கும்.

இனெஸ்


பாய்ஸி
மே 3

இனெஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு தேவலை. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தவறு.

அவனுடைய பேட்டி வந்த இதழ்களை நான் வாங்குவதில்லை. அதனால்தான் கண்ணில் படவில்லை.

நீ அனுப்பியதைப் படித்தேன். அதைப் பற்றி எழுத இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

இரண்டு கேள்விகள். கேட்பதாலேயே நான் வருகிறேன் என்று பொருளல்ல. ஆழமான பக்கம் இன்னும் ஒன்பதரை அடிதானா, அல்லது அடியில் மண் சேர்ந்திருக்கிறதா? அந்த ஹெல்மெட்டின் தாடைப் பட்டை இன்னும் இருக்கிறதா?

கேக் பக்கத்தைப் படித்துக் காட்ட அனுமதி இல்லை.

வெர்னன் மாமா


பாய்ஸி
மே 25

அன்பு அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழங்கை சிராய்ப்பு காய்ந்துவிட்டது. இடுப்பில் உள்ள காயம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. பள்ளியில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நீச்சல் குளத்தில் விழுந்தேன் என்றேன். பொய்யில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அன்று அவ்வளவு நேரம் நின்றாயே, முழங்கால் வீங்கவில்லையே?

நீ காரை நிறுத்தப் போனபோது வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது. வேலிக் கதவருகே ஒரு குண்டு மனிதர் துடைப்பங்களை விநியோகித்துக்கொண்டிருந்தார். நான் கை நீட்டி, "நான் வெர்னன்" என்றேன். முப்பத்து மூன்று வருடமாக ஒத்திகை பார்த்த வசனம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கு எல்லாருமே வெர்னன்தான் சார். இந்தாங்க, அந்த மூலையக் கூட்டுங்க" என்று ஒரு துடைப்பத்தைக் கையில் திணித்தார். நான் கூட்டினேன். வேறென்ன செய்ய?

நீ வந்து, "ஜோஜோ, இதுதாண்டா என் தம்பி" என்றதும் அந்த மனிதரின் முகம் போன போக்கை இன்னொரு முறை பார்க்க நான் இன்னொரு டிக்கெட் எடுக்கத் தயார். "கான்கிரீட் வாத்தியாரா?" என்றார். அப்புறம் மெதுவாக, "கொஸ்டின் பேப்பரா?" என்றார். அதற்கு அப்புறம்தான் அவருக்கு மூன்றாவது விஷயம் உறைத்தது. பிறகு போய் ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து வந்து என் தலையில் அவரே மாட்டினார்.

அக்கா, அந்தக் குளத்தைச் சுற்றி ஐம்பது பேர் இருந்தார்கள். ஐம்பது பேரும் "வெர்னன்! வெர்னன்!" என்று கத்தினார்கள். ஐம்பது பேரும் பழக்கத்தில் கத்தினார்கள். அது என் பெயரும்கூட என்று தெரிந்தவர்கள் நான்கு பேர்.

பாதிச் சுவர் ஏறினேன். மீதியை நீ பார்த்தாய். நான் அடியில் மல்லாந்து கிடந்தபோது ஜோஜோ மேலே இருந்து எட்டிப் பார்த்து, "சார், நீங்கதான் வெர்னன்னு இப்ப நம்புறேன். லெஞ்சோ சொன்ன மத்ததத்தான் நம்ப முடியல" என்றார். மல்லாந்தபடியே சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று யோசித்தேன். அதே இடத்தில்தான், அதே மாதிரி விழுந்து.

இப்போது எழுத வந்த விஷயம். இனெஸ் ஓடுவதற்கு முன்னால் அடியில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தாய் அல்லவா? அந்த வடிகால் குழாய் அன்றைக்கே உடைந்ததுதான். 1979இலும் ஊறிக்கொண்டேயிருந்தது. தாண்டி இறங்குகிறவனின் சக்கரம் சரியாக அங்கேதான் வரும். ஈரம் இருந்தால் தலை தரையில் மோதும். ஒரு வாளியும் துணியும் வேண்டும், ஓர் ஆள் வேண்டும். நான் பக்கத்தில் கிடந்தேன், அதனால் வாளி என் கைக்கு வந்தது.

வழித்தேன், துடைத்தேன், ஒதுங்கி நின்றேன். அவள் இறங்கி, சுவரேறி, பயந்து திரும்பி வந்தாள். மறுபடி ஊறியது. மறுபடி வழித்தேன். ஏழு முறை. ஒவ்வொரு முறையும் அவள் என் தலைக்கு மேலே போகும்போது நான் வாளியை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். ஓடுகிறவனுக்குப் பயப்பட நேரம் கிடையாது, அக்கா. எனக்குத் தெரியும், நான் ஓடியிருக்கிறேன். வாளி பிடிக்கிறவனுக்கு அதைத் தவிர வேறு வேலையே கிடையாது.

1979இல் அன்றைக்கு நான் நாற்பது முறையாவது முயன்றிருப்பேன். விடிந்ததிலிருந்து உச்சி வெயில்வரை. ஒரு முறைகூட ஈரத்தில் வழுக்கவில்லை. ஏன் வழுக்கவில்லை என்று இத்தனை வருடத்தில் நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கணக்கு வாத்தியார்.

எட்டாவது முறை அவள் தாண்டினாள். சக்கரத்து அச்சு மற்ற கற்களின் மேல் உறுமிக்கொண்டு வந்தது. நம் கல்லின் மேல் ஏறியதும் வேறு மாதிரி ஒரு சத்தம் வந்தது, கேட்டாயா? லெஞ்சோ டாக்கோவில் அளவுக்கு மேல் மிளகாய் போட்டுக்கொண்டு இருமுவானே, அதேதான். முதலில் நீ சிரித்தாய். பிறகு எல்லோரும். அவள் பின்பக்கமாக இறங்கி நேரே என் மேல் வந்து மோதினாள், வாளி பறந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான் என்று ஜோஜோவிடம் சொன்னேன். பனி இல்லாத ஊரில் வேறு காரணம் கிடைக்கவில்லை.

கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி,
வெர்னன்


எல் கஹோன்
ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் வீங்கியது, வற்றியது. உன் இடுப்பில் மஞ்சளும் மறைந்துவிட்டதா? இனெஸ் உன் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ஜோஜோ உன்னைக் கேட்டான். பின்பக்கச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறதாம், வாத்தியார் எப்போது வருவார் என்கிறான்.

ஒன்றை உன்னிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். 1991இல் அவன் கூப்பிட்டது எதற்கு என்று நீ எப்போதாவது கேட்பாய் என்று பார்த்தேன். நீ கேட்கவில்லை. அவன் பெயரில் வந்த பலகையை உன் பெயருக்கு மாற்றக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்திருந்தான். வேடிக்கையாக இருக்கிறது என்று நினைத்து அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். உன் கையெழுத்து மட்டும் வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிஷம் அதற்குத்தான்.

அடுத்த நாளே எழுதிப் போடு என்றேன். "அவன் வந்து என்னத் திட்டட்டும், அப்பறம் குடுக்கறேன்" என்று பிடிவாதம். நீயும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். சொன்னால் புருஷனுக்காகப் பேசுகிறேன் என்று நீ நினைப்பாயாம். நினைத்திருப்பாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்த கல்.

தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேலே உன் பெயர், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. இருபத்தொரு வருடமாகக் காலியாக இருக்கிறது. கம்பெனி மூடிப் பல வருடமாயிற்று, இனி இதற்கு ஒரு மதிப்பும் இல்லை. உன்னிடம் இருக்கட்டும்.

இன்னொரு படமும் வைத்திருக்கிறேன், அன்று ஒரு பெண் எடுத்தது. இனெஸ் கல்லின் மேல் இருக்கிறாள். இடது மூலையைப் பார்.

நீ நலமாக இரு. அடிக்கடி எழுது, எப்போதும் போல நான் தாமதமாகப் பதில் போடுகிறேன்.

லொரெய்ன்


ஜூன் 15, 2012

'வறண்ட குளம்' இதழாசிரியருக்கு,

வணக்கம். நீங்களும் இதழும் நலமென்று நம்புகிறேன். காகிதத்தின் தரம் குறைந்திருக்கிறது. கவனிக்கவும்.

மார்ச் இதழில் நீங்கள் வெளியிட்ட 1979ஆம் ஆண்டுப் படத்தின் கீழே பிழை உள்ளது. சாவுப் பெட்டியின் மேல் இருப்பவர் லொரென்சோ வில்லசெனோர் அல்ல. இதை அவரே 1984, 1993, 2006 ஆகிய ஆண்டுகளில் உங்கள் இதழிலேயே சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் நீங்கள் அதை அடக்கம் என்று அச்சிட்டீர்கள். அது தகவல். மேலே இருப்பவர் அவருடைய மச்சான் வெர்னன்.

ஆனால் நான் எழுதுவது அதற்காக அல்ல. படத்தின் இடது மூலையைப் பாருங்கள். வாளி பிடித்த ஒரு கை தெரியும். உடைந்த குழாயிலிருந்து ஊறிய தண்ணீரை, அன்று காலையிலிருந்து நாற்பது முறை வழித்து எடுத்த கை அது. மேலே இருப்பவர் உயிரோடு தரையிறங்கியது அந்தக் கையால். லொரென்சோ வில்லசெனோர் அதுதான். இரண்டு வருடம் அவர் பேசாமல் இருந்தார், அது தவறு. முப்பது வருடம் பேசினார், நீங்கள் யாரும் நம்பவில்லை. நம்பியிருக்க வேண்டிய இன்னொருவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

ஜூலை இதழில் அந்தப் படத்தை மறுபடி போடுங்கள். மேலே இருப்பவரை வெட்டினாலும் சரி, மூலையை வெட்டாதீர்கள். கீழே லெஞ்சோவின் பெயர் அப்படியே இருக்கட்டும், ஓர் அம்புக்குறி மட்டும் போதும்.

இதே கடிதத்தை நான்கு பக்கத்தில், கீழே முழுப் பெயரும் பட்டமும் முகவரியும் போட்டு, மூன்று மாதம் மேசையில் வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன். இதிலும் பெயரை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை, லெஞ்சோ செத்தும் விளையாடுகிறான் என்பீர்கள். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. எல் கஹோனில் ஓர் ஆணியில் ஒரு பச்சை ஹெல்மெட் தொங்குகிறது. அதைப் போட்டுக்கொண்ட யார் வேண்டுமானாலும் இதை எழுதியிருக்கலாம். நான் குனிந்து தபால்தலை ஒட்டுகிறேன். கீழே கையெழுத்துக்கு விட்ட இடத்தை அப்படியே காலியாக விட்டு, இதைப் பெட்டியில் போடுகிறேன்.